மாப்பிள்ளை ஏறிய ரயில்

மாப்பிள்ளை ஆயத்தம். மாப்பிள்ளையின் தலைப்பாகையும் ஆயத்தம். பூமாலை சூடிய கார்கள், ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் ஊரிலிருந்த வீட்டின் முன்னால் வரிசையாக நின்றன. ஆயினும் ஒருவரும் புறப்படவில்லை.

காரணம், இராகு காலம்.

“இராகு காலம் முடியுமட்டும் ஒருத்தரும் வாசலைத் தாண்டக் கூடாது. சொல்லிப்போட்டன்!” என்று இரத்தினவேல் பெரியப்பா கையில் பஞ்சாங்கத்தோடு கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளை திலக்சன் அவருடைய ஒரே மகன். பட்டு வேட்டியும் சால்வையும் தலைப்பாகையுமாக, சாய்ந்து உட்காரவும் முடியாமல், தலையைச் சொறியவும் முடியாமல், கதிரையின் நுனியில் அவன் அமர்ந்திருந்தான்.

மாடிப்படியில் சுபாங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. அவளது மடியில் ஒரு வெள்ளித் தட்டு இருந்தது. தட்டிலே சிவப்புக் கூறைச்சேலை இருந்தது.

யாழ்ப்பாணத்தவர் திருமணத்தில் மாப்பிள்ளையின் சகோதரியே தோழியாவாள். கூறைச்சேலையைக் கொண்டுபோய் மணப்பெண்ணிடம் சேர்ப்பது அவள் பொறுப்பு. கூறை வராவிட்டால் மணப்பெண் மணவறைக்கு வரமுடியாது. திலக்சனுக்கு உடன்பிறந்த சகோதரி இல்லை. ஆகவே, அவனுடைய சித்தப்பாவின் மகளான சுபாங்கிக்கு அந்தப் பதவி கிடைத்திருந்தது. ஒரு வாரமாக அவள் வெறுந்தட்டை ஏந்திக்கொண்டு நடந்து பழகியிருந்தாள்.

சுபாங்கியின் வீடு ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில், ஓர் உயர்ந்த குடியிருப்புக் கட்டடத்தில் இருந்தது. அவர்களிடம் கார் இல்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் மணவறை சோடிக்கும் வேலைக்காக அதிகாலையிலேயே பஸ்ஸிலும் ரயிலிலும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள்; சுபாங்கி மட்டும் முதல்நாளே பெரியப்பா வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். மண்டபம் நகரத்தின் நடுவே, வங்கிகளின் கோபுரங்களுக்கிடையில், யூனியன் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்தது. மணப்பெண் துளசிகா அந்தக் கோபுரங்களில் ஒன்றில்தான் வேலை செய்தாள்.

“பெரியப்பா, நான் ஒண்டு சொல்லட்டே?” என்றாள் சுபாங்கி.

“சொல்லு பிள்ளை.”

“இஞ்ச ஸ்ரௌவ்வில் ஸ்ரேசனில ஏறினால் ஒரே ரயில். நேரே யூனியன். மாறவும் தேவையில்லை. ராத்திரி முழுக்க மழை. றோட்டு எப்பிடி இருக்குமோ தெரியாது.”

வாசலில் காருக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த நவரட்ணம் மாமா துணியை உதறிவிட்டுச் சிரித்தார். அவர் பெரியம்மாவின் தம்பி. அவருடைய புதிய கறுப்புக் கார்தான் ஊர்வலத்தின் முதற்கார்.

“கேட்டீங்களோ அத்தான்? மாப்பிள்ளையை ரயிலில ஏத்தட்டாம். பெட்டி படுக்கையும் கட்டட்டோ? வழியில சாப்பிடப் புட்டும் கட்டிக் குடுப்பம்!”

எல்லாரும் சிரித்தார்கள்.

“ஏன் பிள்ளை, உங்கட அப்பர் இன்னும் கார் வாங்கேல்லையோ?” என்று மாமா மேலும் கேட்டார்.

சுபாங்கி தட்டைச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னாள்: “எங்கட காருக்கு ஆறு பெட்டி, மாமா. ஓட்டுறதுக்கு ஆளும் இருக்கிறார்.”

இந்த முறை இன்னும் பலமான சிரிப்பு எழுந்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. காரில் போவதே கௌரவம் என்று எண்ணுகின்ற பெரியவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். ஸ்ரௌவ்விலில் அவர்களுடைய தொகை சற்று அதிகம்.

ஒருவழியாக இராகு காலம் முடிந்தது. பெரியப்பா பஞ்சாங்கத்தை மூடினார். “வெளிக்கிடுங்கோ!” என்றார்.

சோடித்த வெள்ளைக் காரில் மாப்பிள்ளையும் பெரியப்பாவும் மங்கையற்கரசிப் பெரியம்மாவும் சுபாங்கியும் ஏறினார்கள். அந்த வாடகைக் காரை ஓட்டியவர் சீமோன் என்பவர். முன்னே நவரட்ணம் மாமாவின் கறுப்புக் கார்; பின்னே மற்றைய கார்கள்.

“சுபமுகூர்த்தம் ரெண்டு மணியோட முடியுது. அதுக்குள்ள தாலி ஏறவேணும்,” என்றார் பெரியப்பா.

“காலம் கிடக்குது,” என்றாள் பெரியம்மா.

மார்க்கம் நகரைக் கடக்கும்வரை காலம் கிடந்தது. பிறகு கார்கள் மெதுவாயின. பிறகு இன்னும் மெதுவாயின. பிறகு நின்றேவிட்டன. நெடுஞ்சாலையின் நான்கு தடங்களிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிவப்பு விளக்குகள் தெரிந்தன. பக்கத்துக் காரிலிருந்த ஒரு நாய் தலையை வெளியே நீட்டி, மாப்பிள்ளையின் தலைப்பாகையை வைத்த கண் வாங்காமல் பார்த்தது.

சீமோன் தமிழ் வானொலியைப் போட்டார். பாட்டு நடுவில் நின்றது.

“நேயர்களே, ஒரு முக்கிய அறிவித்தல். இரவு பெய்த கடும் மழையால் டொன் ஆறு பெருக்கெடுத்துள்ளது. டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையில் வெள்ளம் ஏறியதால், நகரத்துக்குச் செல்லும் அவ்வீதி மூடப்பட்டுள்ளது…”

பெரியப்பா மூடிய பஞ்சாங்கத்தை மறுபடியும் விரித்தார்.

“வேற றோட்டு இல்லையோ, சீமோன் அண்ணை?” என்று திலக்சன் கேட்டான்.

“இருக்குது தம்பி. ஆனா இந்தச் சனம் முழுக்க அந்த றோட்டுக்குத்தானே போகும்? ரெண்டு மணிக்கு யூனியன் எண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது.”

அப்போது பெரியப்பாவின் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் தவில்காரர் இராஜரட்ணம்.

“அண்ணை, நாங்களும் மாட்டுப்பட்டுப் போனம். எக்லிங்டன் றோட்டால ஹைவேயை விட்டு வெளியால வந்திட்டம். அங்காலை அசையேலாமல் கிடக்குது. நாதஸ்வரக்காரரும் என்னோடதான் இருக்கிறார். என்ன செய்யிறது?”

மேளமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பெரியம்மா சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்தாள். “ஒரே ஒரு பிள்ளை. அவனுக்கும் இப்பிடியோ?” என்றாள்.

சுபாங்கி கூறைத் தட்டைப் பார்த்தாள். ஒரு வாரம் பழகியது வீணாகிவிடுமோ? மண்டபத்தில் துளசிகா அண்ணி இந்தச் சேலைக்காகக் காத்திருப்பாள் அல்லவா? பிறகு யன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சற்று முன்னால் ஒரு பச்சைப் பலகை தெரிந்தது. ‘ஷெப்பர்ட் வீதி’ என்று அதில் எழுதியிருந்தது.

மற்றைய பிள்ளைகள் தங்கள் படுக்கைக்கு மேலே விளையாட்டு வீரர்களின் படங்களை ஒட்டுவார்கள். சுபாங்கியோ ரொறன்ரோ நகரின் ரயில் வரைபடத்தை ஒட்டியிருந்தாள். மஞ்சள், பச்சை, ஊதா, செம்மஞ்சள் என்று நிறம் நிறமாக ஓடும் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே அவள் ஒவ்வோர் இரவும் உறங்குவாள். இப்போது கண்களை மூடினாள். ஊதாக் கோடு தெரிந்தது. அதன் கிழக்கு நுனியில் டொன் மில்ஸ் நிலையம். அது ஷெப்பர்ட் வீதியில்தான் இருக்கிறது!

“சீமோன் அங்கிள், ஷெப்பர்ட்டில இறங்குங்கோ! டொன் மில்ஸ் ஸ்ரேசன் பக்கத்திலதான். அங்க ஏறி, ஒருக்கா மாறினால் யூனியன். ரயிலுக்கு வெள்ளமும் இல்லை, ட்ராபிக்கும் இல்லை.”

“கலியாண மாப்பிள்ளை சப்வேயிலயோ!” என்று பெரியம்மா பதறினாள்.

முன்காரிலிருந்த நவரட்ணம் மாமாவும் தொலைபேசி வழியே பதறினார். “அத்தான், விசர் வேலை பாக்காதையுங்கோ! சனம் என்ன சொல்லும்? என்ர காருக்குப் பின்னால வாங்கோ. நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சுத் தாறன்!”

திலக்சன் சிறுவயது முதல் காரிலேயே திரிந்தவன். நிலக்கீழ் ரயிலில் அவன் கடைசியாக ஏறியது பாடசாலைச் சுற்றுலாவிலே. அவன் தங்கையின் பக்கம் திரும்பினான்.

“சுபாங்கி, ஆர் யூ ஷுவர்?”

வழி தவறிப்போனால், ‘பஸ் பாஸ் குடும்பம்’ என்று இன்னும் பத்து வருடங்களுக்குப் பகிடி பண்ணுவார்கள். அதைக்கூடத் தாங்கலாம்; அண்ணாவின் திருமணம் அல்லவா தடைப்படும்?

அவள் வரைபடத்தை மனத்துக்குள் மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். கோடுகள் யாவும் அதனதன் இடத்தில் இருந்தன.

“ஷுவர் அண்ணா,” என்றாள்.

“அப்ப இறங்குவம்,” என்றான் மாப்பிள்ளை.

“அதுக்கு முதல் ஃபோனைத் தாங்கோ பெரியப்பா.” சுபாங்கி தவில்காரரை அழைத்தாள். “இராஜரட்ணம் அங்கிள், நான் சுபாங்கி கதைக்கிறன். நீங்கள் நிக்கிற இடத்துக்குக் கிட்டத்தான் வின்போர்ட் ஸ்ரொப். புது லைன், அஞ்சாம் லைன். மேற்குப் பக்கம் போற ரயிலில ஏறி, எக்லிங்டன் ஸ்ரேசனில இறங்கி, மஞ்சள் லைனுக்கு மாறுங்கோ. யூனியனுக்குப் போற பிளாட்போமில நில்லுங்கோ. நாங்கள் முதல் பெட்டியில வருவம்.”

“ஆர் பிள்ளை நீ? மாப்பிள்ளையின்ர செக்கரட்டரியோ?” என்று கேட்டார் தவில்காரர்.

“தோழி!” என்றாள் சுபாங்கி.

சீமோன் ஷெப்பர்ட் வீதியில் காரைத் திருப்பி, நால்வரையும் டொன் மில்ஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். அதன் வாயிலில் அடுத்த சிக்கல் காத்திருந்தது. பயணச்சீட்டுக் கதவில் தட்டுவதற்கு ஆளுக்கொரு அட்டை வேண்டும். பட்டு வேட்டியில் ஏது பை? திலக்சனின் பணப்பை, தொலைபேசி எல்லாம் பின்னால் வந்த ஏதோ ஒரு காரில் இருந்தன.

“பெரியப்பா, உங்கட பாங்க் கார்டைத் தட்டுங்கோ, அதுவே போதும். பெரியம்மா, உங்கட ஹாண்ட்பாக்கில எத்தினை கார்டு இருக்குது?”

பெரியம்மா கைப்பையைத் திறந்தாள். திருநீறு, ஊசிநூல், இருமல் மருந்து, கற்பூரம் ஆகியவற்றுக்குக் கீழே இரண்டு வங்கி அட்டைகள் அகப்பட்டன. ஒன்றை அவள் தட்டினாள். மற்றதை மாப்பிள்ளை தட்டினான்.

“உனக்கு?” என்று பெரியப்பா கவலையோடு கேட்டார்.

“எனக்கு ஃப்ரீ. பன்னிரண்டு வயசு வரைக்கும் காசில்லை,” என்று சொல்லித் தன் பிள்ளைகளுக்கான அட்டையை ஓர் அரசியைப் போலத் தட்டினாள் சுபாங்கி. கதவு திறந்தது.

கீழே ரயில் நின்றுகொண்டிருந்தது. ஏறி அமர்ந்த உடனே கதவுகள் மூடின. பெட்டியிலிருந்தவர்கள் தலைப்பாகையைப் பார்த்தார்கள்; பிறகு, பார்க்காதவர்களைப் போல மரியாதையாகத் தங்கள் தொலைபேசிகளைப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பையன் மட்டும் அவ்வளவு மரியாதை பழகியிருக்கவில்லை. அவன் தாயின் கையை விட்டுவிட்டு வந்து, சுபாங்கியிடம் ஆங்கிலத்தில் கேட்டான்.

“இவர் ராசாவா?”

“இன்றைக்கு மட்டும்,” என்று அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

திலக்சன் சிரித்தான். காலையிலிருந்து அவன் சிரித்தது அதுவே முதல் தடவை.

லெஸ்லி நிலையத்தைத் தாண்டியதும் ரயிலின் ஓசை சற்று மாறியது. சுபாங்கி பெரியப்பாவின் பக்கம் குனிந்தாள்.

“இப்ப நாங்கள் எங்க போறம் சொல்லுங்கோ?”

“நிலத்துக்குக் கீழ.”

“இல்லை. டொன் ஆத்தின்ர ஒரு கிளைக்கு மேலால போறம்! இது பாலம். சுத்திவர மூடிக் கட்டியிருக்கினம். அதாலதான் தெரியேல்லை. நான் நூலகத்தில வாசிச்சனான்.”

பெரியப்பா தன் காலுக்குக் கீழே பார்த்தார். காரை மறித்த அதே ஆற்றின் கிளை இப்போது அவருடைய செருப்புக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ரயிலோ அதைப்பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் போனது.

“அப்பிடியோ!” என்றார். அவர் பஞ்சாங்கத்தைச் சால்வைக்குள் செருகிக்கொண்டார்.

ஷெப்பர்ட் சந்தி நிலையத்தில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறவேண்டும். கதவு திறந்த உடனே திலக்சன் வேட்டியை மடித்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினான். “கெதியா! ரயில் வந்து நிக்கிற சத்தம் கேக்குது!”

பெரியப்பாவும் ஓடினார். சுபாங்கி இரண்டடி ஓடிவிட்டு நின்றாள். பெரியம்மா பின்னால், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“நீங்கள் போங்கோ,” என்றாள் பெரியம்மா. “எனக்கு உந்தப் படி ஏலாது. நான் ஆறுதலா வாறன். முகூர்த்தம் தவறக் கூடாது.”

“அம்மா இல்லாமல் என்ன முகூர்த்தம்?” சுபாங்கி தட்டை ஒரு கைக்கு மாற்றி, மறுகையால் பெரியம்மாவின் கையைப் பிடித்தாள். “லிப்ட் இருக்குது. வாங்கோ. அண்ணா! நில்லுங்கோ! ஒருத்தரும் ஓடத் தேவையில்லை!”

“ரயில் போயிட்டுது எண்டால்?” என்று திலக்சன் திரும்பி வந்தான்.

“போகட்டும். அடுத்தது வரும்.”

மின்தூக்கியிலிருந்து அவர்கள் வெளியே வந்தபோது, ரயிலின் கடைசி விளக்கு சுரங்கத்துக்குள் மறைந்துகொண்டிருந்தது. திலக்சன் தலைப்பாகையில் கை வைத்துக்கொண்டான். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுபாங்கியைப் பார்த்தார். அவள் மேலே தொங்கிய பலகையைக் காட்டினாள்.

“அங்க பாருங்கோ. மூண்டு நிமிசம்.”

நால்வரும் அதையே பார்த்தார்கள். பலகையில் எண் இரண்டாயிற்று, பின் ஒன்றாயிற்று. சுரங்கத்துக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வீசியது. கூறைச்சேலையின் நுனி படபடத்தது. இரண்டு வெளிச்சக் கண்களோடு ரயில் வந்து, அவர்களின் முன்னால், ஓர் அங்குலம்கூடக் குலுங்காமல் நின்றது.

“இதுவோ உன்ர கார்?” என்றான் திலக்சன்.

“இதுதான். ஆறு பெட்டி. எண்ணிப் பாருங்கோ.”

எண்ணத் தேவையே இருக்கவில்லை. அந்த ரயிலின் பெட்டிகளுக்கிடையில் கதவுகள் இல்லை. முதற்பெட்டியில் நின்று பார்த்தால், நீண்ட மண்டபம்போல, கடைசிப்பெட்டி வரை தெரிந்தது.

எக்லிங்டன் நிலையத்தில் கூட்டம் ஏறியது. சுபாங்கி எட்டிப் பார்த்தாள். முதற்பெட்டியில் தவிலும் ஏறவில்லை, நாதஸ்வரமும் ஏறவில்லை. கதவு மூடிவிட்டது.

“மேளகாரர் வரேல்லையே!” என்று பெரியப்பா தவித்தார்.

ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. சட்டென்று பெட்டியெங்கும் வெயில் நிறைந்தது. மழையில் குளித்த மரங்கள் யன்னலில் ஓடின. தண்டவாளம் வளைந்தது, ரயிலும் அதனோடு வளைந்தது. அந்த வளைவில், மிகத் தூரத்தில், கடைசிப்பெட்டியில், பெரிய உருண்டையான பை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பதைச் சுபாங்கி கண்டாள்.

“இராஜரட்ணம் அங்கிள்!”

தவில்காரர் பெட்டி பெட்டியாக, “எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ,” என்று சொல்லிக்கொண்டு நடந்து வந்தார். அவர் பின்னால் நாதஸ்வரக்காரர் நீண்ட பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பின்பக்கப் படியால வந்து கடைசிப் பெட்டியில ஏறிப்போட்டம் பிள்ளை. நாங்கள் வந்து ஒரு நிமிசம்கூட ஆகேல்லை, ரயில் வந்திட்டுது. நல்ல வேளை, நீங்கள் இதுக்கு முந்தின ரயிலில போகேல்லை!”

பெரியம்மா வலிக்கும் முழங்காலை ஒரு கையால் தடவிக்கொண்டே, மறுகையால் சுபாங்கியின் தலையைத் தடவினாள்.

“இப்பவே ஒரு மல்லாரி வாசிப்பமோ?” என்று தவில்காரர் கண்ணைச் சிமிட்டினார்.

“ஐயோ, இஞ்ச வேண்டாம் அங்கிள்! ரயிலுக்குள்ள வாசிக்க விடமாட்டினம்.”

ஆகவே, அவர் தம் முழங்காலில் விரல்களால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தியின் காலும் தன்னையறியாமல் அந்தத் தாளத்துக்கு ஆடியது.

யூனியன் நிலையத்தில் இறங்கியபோது மணி ஒன்றாகியிருந்தது.

“மேல ஏறி றோட்டுக்குப் போகவேணுமோ?” என்று பெரியப்பா கேட்டார்.

“தேவையில்லை. கீழாலயே பாதை இருக்குது. மண்டபத்துக்குள்ளயே கொண்டுபோய் விடும்.”

அந்த நிலக்கீழ்ப் பாதையில் கடைகள் இருந்தன. கோப்பி மணம் வீசியது. நகரத்தின் உயர்ந்த கோபுரங்கள் எல்லாம் கீழே இப்படிக் கைகோத்து நிற்பதைப் பெரியப்பா இத்தனை வருடங்களாக அறிந்ததே இல்லை. அவர் வாய்திறந்து இருபக்கமும் பார்த்துக்கொண்டு நடந்தார். சுபாங்கி கூறைத் தட்டை ஏந்தி முன்னே நடந்தாள். ஒரு வாரம் பழகிய நடை. தட்டு சற்றும் ஆடவில்லை.

அதேவேளை, மண்டபத்தின் தெருவாசலில் பெண்வீட்டார் திரண்டு நின்றார்கள். துளசிகாவின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளையின் கால்களைக் கழுவவேண்டிய தோழன், துளசிகாவின் தம்பி, தண்ணீர்ச் செம்போடு நின்றான். ஐயர் கடிகாரத்தையும் தெருவையும் மாறிமாறிப் பார்த்தார். அவசரத்தில் மண்டபத்துக்குத் தொலைபேசியில் சொல்ல ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை; ஆகவே எல்லாருடைய கண்களும் தெருவிலே வெள்ளைக் காரைத் தேடின.

திடீரென்று அவர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து தவில் முழங்கியது!

எல்லாரும் ஒன்றாகத் திரும்பினார்கள். தோழனின் செம்பிலிருந்த தண்ணீர் பாதி ஐயரின் காலில் சிந்தியது. கீழ்த்தளத்திலிருந்து வரும் நகரும் படிக்கட்டில், முதலில் ஒரு கூறைத் தட்டும், பிறகு சுபாங்கியின் முகமும், அதன்பின் ஒரு தலைப்பாகையும் மெதுமெதுவாக மேலெழுந்து வந்தன. நாதஸ்வரம் உச்சத்தில் ஒலித்தது.

“மாப்பிள்ளை எங்காலை வாறார்?” என்று துளசிகாவின் அப்பா திகைத்தார்.

“நிலத்துக்குக் கீழால!” என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது சுபாங்கியின் அப்பாவினுடையது. மணவறை சோடித்த பூக்களின் இதழ்கள் அவருடைய தலையில் ஒட்டியிருந்தன. மகளைப் பார்த்ததும் அவர் பலமாகக் கைதட்டினார். அவளுடைய அம்மாவோ கண்களைத் துடைத்துக்கொண்டு, “தட்டை நேராப் பிடியடி,” என்று மட்டும் சொன்னாள். தட்டு நேராகத்தான் இருந்தது.

எஞ்சியிருந்த பாதித் தண்ணீரில் மாப்பிள்ளையின் கால்கள் கழுவப்பட்டன. சுபாங்கி கூறையைத் துளசிகாவிடம் சேர்த்தாள்.

“நீயோ கூட்டிக்கொண்டு வந்தனி?” என்று துளசிகா மெல்லிய குரலில் கேட்டாள்.

“ஓம் அண்ணி. ஊதாவில ஏறி, மஞ்சளுக்கு மாறினம்.”

முகூர்த்தம் முடிவதற்கு முன்னரே, கெட்டிமேளம் முழங்க, தாலி ஏறியது.

நவரட்ணம் மாமா பந்தியின் கடைசியில்தான் வந்து சேர்ந்தார். அவருடைய சட்டை கசங்கியிருந்தது. காரின் பூமாலையில் ஒரு பூக்கூட மிஞ்சியிருக்கவில்லை. அவர் கண்டுபிடித்த குறுக்கு வழி, அவரை இரண்டு தடவை ஒரே பெற்றோல் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது.

“வடை இருக்கோ?” என்றார்.

“முடிஞ்சுது மாமா. உங்களுக்கெண்டு ரெண்டு எடுத்து வச்சனான்,” என்று சுபாங்கி ஒரு மூடிய தட்டைக் கொடுத்தாள். மாமா வடையைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார்; இரண்டையும் சாப்பிட்டு முடித்தார்.

மாலையில், மணமக்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் நேரம் வந்தது. சீமோன் வெள்ளைக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். துளசிகா அதைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

“அவர் ரயிலில வந்தவர். நானும் ரயிலிலதான் போவன். இஞ்சயிருந்து ஸ்ரௌவ்விலுக்கு நேர் ரயில் இருக்குதெல்லே?”

எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். நல்ல நேரம் பார்க்காமல் அவர் எங்கேயும் புறப்பட்டதில்லை. பெரியப்பா சால்வைக்குள்ளிருந்த பஞ்சாங்கத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆனால், அதை வெளியே எடுக்கவில்லை.

“சுபாங்கி,” என்றார், “அடுத்த ரயில் எத்தினை மணிக்குப் பிள்ளை?”

பச்சையும் வெள்ளையுமான இரட்டைத்தட்டு ரயில், யூனியன் நிலையத்தில் காத்து நின்றது. மணமக்களும் உறவினர்களும் ஏறியபின், மூச்சிரைக்க ஒருவர் ஓடிவந்தார். நவரட்ணம் மாமா!

“காரை மகனிட்டைக் குடுத்திட்டன்,” என்றார், ஒருவரும் கேட்காமலே. “எனக்குக் களைப்பு. அவ்வளவுதான்.”

மேல்தட்டில் யன்னலோர இருக்கை ஒன்றைச் சுபாங்கி அவருக்காகப் பிடித்து வைத்தாள். ரயில் புறப்பட்டது. கண்ணாடிக் கோபுரங்கள் மாலை வெயிலில் பொன்னாய் மின்னிப் பின்னால் நகர்ந்தன. கீழே, வீதிகளில் கார்கள் இன்னமும் வரிசையாக நின்றன. மாமா நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

“மாமா, இப்ப எங்கட காருக்கு மேல்மாடியும் இருக்குது,” என்றாள் சுபாங்கி.

மாமா யன்னலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

“ஓம் பிள்ளை,” என்றார், “நல்ல கார்தான்.”